கடைசியா என்ன செஞ்சீங்க?

எங்கள் ஊர் பலாபத்வலையில் கம்பியூட்டர் திருத்துகிற ஒருவர் இருந்தார். கெட்டுப்போன கம்பியூட்டரைப் பார்க்கக் கூப்பிட்டால் வருவார். ஆனால் வந்தவுடன் கம்பியூட்டரைப் பார்க்கமாட்டார். வீட்டில் இருக்கிற ஆட்களைத்தான் பார்ப்பார். ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கையோடு கொண்டு வந்த பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுக் கேட்பார்.

"கடைசியா என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணுமே செய்யலீங்க பாஸ். அது தானா நின்னுருச்சு."

"தானா நின்ன மெஷின நான் இன்னும் பாக்கல்ல. பாத்தா மாலை வாங்கிப் போடுறேன்" என்பார்.

வீடு கட்டுகிறவரை மேசன் பாஸ் என்கிறோம், மர வேலை செய்கிறவரைத் தச்சு பாஸ் என்கிறோம். அந்தக் கணக்கில் இவர் கம்பியூட்டர் பாஸ். மாத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவர். முதலில் ரேடியோ, பிறகு டீவி, பிறகு கம்பியூட்டர் என்று காலத்தோடு சேர்ந்து வேலை மாறினார். எல்லாம் தானாகப் படித்ததுதான். வேதக்காரர். கழுத்தில் கறுப்பு நூலில் ஒரு சின்னச் சிலுவை தொங்கும். சட்டைப் பையில் மற்றவர்கள் பேனை வைக்கிற இடத்தில் இவர் ஸ்க்ரூ டிரைவர் வைத்திருப்பார்.

எனக்கு பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கொமினிகேஷன் கடை இருந்தது. டெலிபோன் பேச வருவார்கள், போட்டோ கொப்பி எடுக்க வருவார்கள், கடிதம் டைப் அடிக்க வருவார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். டைப் அடிப்பதெல்லாம் என் மனைவிதான். அதனால் எங்கள் கம்பியூட்டர் கெட்டால் இருமல் வந்த பிள்ளையைப் போல அதைச் சுற்றி நிற்போம். பாஸ் வந்து எங்களை விசாரிப்பார்.

விசாரணை என்றால் சும்மா இல்லை. ஒரு தடவை தம்புள்ளையில் ஒரு மரக்கறி வியாபாரியின் கந்தோருக்கு என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே நேற்று மத்தியானத்தோடு வேலை முடித்து அணைத்த கம்பியூட்டர் காலையில் இருந்து செத்துக் கிடந்தது. வெளியே பத்து லொறி நிற்கிறது. மூட்டைக் கணக்கு எழுத முடியாமல் நாலு கிளாக்குகளும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள். வியாபாரி கத்துகிறார்: "எவன்டா கைய வச்சான்? இன்னைக்கு ஒருத்தன வீட்டுக்கு அனுப்புறேன்!"

பாஸ் ஒவ்வொருவராக வெளியே கூப்பிட்டு, முட்டைக்கோவா மூட்டைகளுக்கு நடுவே நிறுத்தி அதே கேள்வியைக் கேட்டார். நாலு பேரும் ஒன்றும் செய்யவில்லை. கடைசியாக வியாபாரியையே கூப்பிட்டார். நான் பக்கத்து மூட்டையில் உட்கார்ந்திருந்ததால் எனக்குக் கேட்டது.

"ஐயா கடைசியா என்ன செஞ்சீங்க?"

"நானா? நான் அந்தச் சனியன் பக்கமே போறதில்ல!"

"போக வேணாம் ஐயா. நேத்து மத்தியானம் சாப்பிட்டதுக்குப் பொறகு என்ன செஞ்சீங்க?"

"சாப்பிட்டா கொஞ்சம் தல சாய்ப்பேன்."

"இந்த வெக்கையிலயா?"

வியாபாரி கந்தோர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு குரல் இறங்கியது. "ஃபேன் போட்டேன்... அந்த பிளக்க கழட்டிட்டுத்தான் போட்டேன்..."

பாஸ் உள்ளே போய், மேசைக்கடியில் தலையை விட்டு, வெளியே வந்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "உள்ள பூச்சி போயிருக்கு. எடுத்துட்டேன்." நாலு கிளாக்குகளும் பெருமூச்சு விட்டார்கள். வியாபாரி எங்களுக்கு ஆளுக்கொரு பூசணிக்காய் கொடுத்தார்.

திரும்பி வருகிற வழியில் கேட்டேன். "ஏன் பாஸ், உண்மைய சொல்லியிருந்தா அந்த நாலு பொடியன்களும் சிரிச்சிருப்பானுங்கல்ல?"

"உண்மை எனக்கு மெஷின் திருத்த வேணும் மொதலாளி. அவனுங்களுக்கு என்னத்துக்கு?"

அவர் இப்படித்தான். கசக்கிப் பிழிந்து உண்மையை வாங்குவார். வாங்கியதை வெளியே விடமாட்டார். பலாபத்வலையில் எத்தனை வீட்டு இரகசியம் அவர் வயிற்றுக்குள் கிடந்ததோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

அது நாட்டில் மறுபடியும் சண்டை தொடங்கியிருந்த காலம். பாதையெல்லாம் சோதனைச் சாவடி. தமிழ் ஆள், மோட்டார் சைக்கிள், பை நிறைய வயரும் பச்சைத் தகடும் குட்டி பட்டரியும். பார்க்கிறவன் என்ன நினைப்பான்? வில்கமுவ பக்கம் ஒரு வேலைக்குப் போகும்போது ஆமிக்காரர்கள் மறித்துவிட்டார்கள். பையைக் கொட்டிப் பார்த்தவர்கள் பெரியவர் வரும்வரை இரு என்று மண்மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள்.

சாவடிக்குள் ஒரு டீவி இருந்ததாம். படம் வரவில்லை, இரைச்சல்தான். ஒரு சிப்பாய் அதன் தலையில் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறான். நம் ஆளுக்கு வாய் சும்மா இருக்குமா? தன் உயிர் எந்தப் பக்கம் போகப்போகிறது என்று தெரியாத நேரத்திலும் சிங்களத்தில் கேட்டிருக்கிறார்: "மாத்தயா, அதுக்குக் கடைசியா என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யல்ல. தானா நின்னுருச்சு."

"நெசமா?"

சிப்பாய் முறைத்தானாம். கொஞ்ச நேரம் கழித்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் கிட்ட வந்து சொன்னானாம்: "உடுப்புக் காயப் போடக் கயிறு இல்ல. கூரைக்கு மேல கெடந்த வயரில கொஞ்சம் வெட்டி எடுத்தேன்." அது ஏரியல் வயர்.

பாஸ் வயரை ஒட்டிக் கொடுத்தார். கிரிக்கெட் வந்தது. தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார்கள். நாங்கள் கடையில் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் மனைவி சிரிக்கவில்லை. அந்த அக்கா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு அவர் தூரத்து வேலைக்குப் போகிற நாளெல்லாம் என் கடைக்கு டெலிபோன் வரும். "அண்ணே, இவரு அந்தப் பக்கம் வந்துட்டாருங்களா?" இல்லை என்று சொன்னால் அரை மணித்தியாலத்தில் மறுபடியும் வரும்.

அதனால்தான் பள்ளிக்கூடத்து வேலை என்று ஒரு பேச்சு வந்தபோது நான் மாரியம்மாவுக்கு நேர்ந்துகொண்டேன். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு யாரோ தருமவான்கள் பத்து கம்பியூட்டர் கொடுத்திருந்தார்கள். பழைய சிஸ்டம். அதை எடுத்துவிட்டுப் புதிய சிஸ்டம் போட வேண்டும், அதற்குப் பிறகு அந்த அறையைப் பார்த்துக்கொள்ளவும் நிரந்தரமாக ஒரு ஆள் வேண்டும். வீட்டில் இருந்து நடந்து போகிற தூரம்தான்.

பள்ளிக்கூடத்து அதிபர் யாழ்ப்பாணத்துப் பக்கம். கண்டிப்பான மனிதர், நல்ல பக்திமான். பாஸைப் பற்றி என் கடையில் வைத்தே முடிவு சொன்னார்.

"முதல்ல உங்கட கடை மெஷினுக்கு உவர் புதுசைப் போட்டுக் காட்டட்டும். நவராத்திரி வாணி விழா முடியுமட்டும் பிழையில்லாமல் ஓடினால், பள்ளிக்கூடத்து பத்தும் உவருக்குத்தான். அறைப் பூட்டுத் திறப்பும் உவருக்குத்தான்."

பாஸ் ஒரு முழுப் பகலும் இருந்து போட்டுக் கொடுத்தார். புதிய சிஸ்டம் பச்சை மலையும் நீல வானமுமாக வந்து நின்றது. என் மனைவி கை தட்டினாள். பாஸ் மட்டும் எழும்பிப் போகும்போது சொன்னார்: "அக்கா, ஓடுது. இனிக் கொஞ்ச நாளைக்கு யாரும் ஒண்ணும் செய்யாதீங்க."

நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. ஆயுத பூசை வந்தது. வருடா வருடம் போல நான் குளித்து, கடையைக் கழுவி, டெலிபோன், போட்டோ கொப்பி மெஷின், கதவுப் பூட்டு, கத்தரிக்கோல் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். கம்பியூட்டருக்கு எங்கே வைப்பது? பெட்டியின் முன்பக்கம் நடுவில் வட்டமாக ஒரு பொத்தான். பார்த்தால் நெற்றி மாதிரியே இருந்தது. புதுச் சிஸ்டம் வேறு போட்டிருக்கிறது, பாஸுக்கு வேலை வேறு கிடைக்க வேண்டும். ஆகவே அதற்கு மட்டும் கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன்.

பூசையில் வைத்த சாமானை எடுக்கக்கூடாது என்று இரண்டு நாள் தொடவில்லை. மூன்றாம் நாள் காலை ஈரத்துணியால் எல்லாப் பொட்டையும் அழுத்தித் துடைத்தேன். அதிபர் ஒரு கடிதம் அடிக்க வந்தார். நான் சாமியைக் கும்பிட்டுவிட்டுப் பொத்தானை அமுக்கினேன்.

உள்ளே காற்றாடி உர்ரென்றது. பச்சை விளக்கு எரிந்தது. டக். எல்லாம் அணைந்தது.

"என்ன, திரும்பப் படுத்திட்டுது?" என்றார் அதிபர்.

"மழைக் குளிருங்க சேர். இப்ப எந்திரிச்சிரும்."

மறுபடியும் அமுக்கினேன். உர்ர். டக். ஆறு தடவை அமுக்கினேன். ஆறு தடவையும் எழும்புவதும் விழுவதுமாக இருந்தது. நானும் மனைவியும் அதிபரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம். பொத்தானை யாரும் பார்க்கவில்லை.

"நான் அப்பவே யோசிச்சனான்" என்றார் அதிபர். "பழசு நல்லாத்தானே ஓடிக்கொண்டிருந்தது? உவர் புதுசைப் போட்டுச் சாக்காட்டிப் போட்டார்." குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பாஸ் ஓடி வந்தார். வந்தும் கதிரையில்தான் உட்கார்ந்தார்.

"மொதலாளி, கடைசியா என்ன செஞ்சீங்க?"

"மாரியம்மா மேல சத்தியமா ஒண்ணும் செய்யல்ல பாஸ்!"

என் மனைவியும் அதையே சொன்னாள். அவர் எழும்பி வந்து பொத்தானை அமுக்கிவிட்டு வாய்க்குள் எண்ணினார். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. டக். திரும்பவும் நாலு.

"புதுச் சிஸ்டத்துல பிழை இருந்தா மெஷின் எந்திரிச்சு வந்து முழிச்சுக்கிட்டு நிக்கும். இங்கிலீசுல திட்டும். இது அப்படி இல்ல. பட்டன விடாம அமுக்கிப் புடிச்சா நாலு செக்கன்ல நிக்கிற மாதிரித்தான் இதச் செஞ்சிருக்கான். ஆனா பட்டன இங்க யாரும் புடிச்சுக்கிட்டு இல்லையே..."

சொல்லிக்கொண்டே குனிந்தார். மூக்கைப் பெட்டிக்குக் கிட்ட வைத்தார். அப்புறம் மெதுவாக என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மொதலாளி, மெஷின்ல சாமி ரூம் வாசம் அடிக்குது."

"ஆயுத பூசைக்குப் பொட்டு வச்சேன்."

"அத ஏன் சொல்லல்ல?"

"நீங்க மெஷினுக்கு என்ன செஞ்சீங்கன்னுதானே கேட்டீங்க? பொட்டு வைக்கிறது சாமி காரியம் பாஸ். அதெல்லாம் செய்யிறதுல சேருமா?"

அவர் முன்பக்கத்து மூடியைக் கழற்றினார். பொத்தானைச் சுற்றியிருந்த இடைவெளியெல்லாம் சந்தனம். நான் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்ததில் மேலே இருந்தது முழுக்க உள்ளே போய்ச் சிமெந்து மாதிரி இறுகியிருந்தது. பொத்தானை அமுக்கினால் உள்ளே போகும். ஆனால் உடனே வெளியே வராமல் அங்கேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். பாஸ் பழைய டூத் பிரஷ் ஒன்றை எடுத்து, சுரண்டித் துடைத்து, மூடியைப் போட்டு அமுக்கினார். பச்சை மலையும் நீல வானமும் வந்து நின்றன.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. அந்த நேரம் பார்த்து என் மனைவி பிளேன்டீயோடு வந்தாள். "என்னாங்க பாஸ் அதுக்கு?"

அவள் கையால் அரைத்த சந்தனம். என் கையால் வைத்த பொட்டு. பாஸ் என்னைப் பார்க்கவே இல்லை.

"நான் போட்டதுல ஒரு பிழை இருந்துச்சுக்கா. சரி பண்ணிட்டேன்" என்றார்.

அதிபர் டெலிபோனில் கேட்டபோதும் அதையேதான் சொன்னார். "என் பொறுப்பு சேர்." மறுமுனையில் இருந்து சத்தமாகவே கேட்டது: "அப்பிடியெண்டால் எங்கட மெஷினில கை வையாதேங்கோ." பாஸ் ரிசீவரை வைத்துவிட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். நான் வாயைத் திறக்கவில்லை. கோயில் காரியத்தில் முன்னால் நிற்கிறவன் நான். சந்தனப் பொட்டு வைத்துக் கம்பியூட்டரைக் கெடுத்தான் என்று ஊர் சிரிக்காதா?

மறுநாள் பாஸ் வில்கமுவைக்குப் போனார். பத்து மணிக்கு டெலிபோன் அடித்தது. "அண்ணே, ஸ்கூல் வேலை சரியா வந்துரும்னு சொன்னாரு. இப்ப இல்லேங்கிறாரு. என்ன பிழை செஞ்சாருன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறாரு. அந்தப் பக்கம் வந்துட்டாருங்களா?" இன்னும் வரவில்லை அக்கா என்றேன். அரை மணித்தியாலத்தில் மறுபடியும் வந்தது. அதற்கு அரை மணித்தியாலம் கழித்து இன்னொன்று. மூன்றாவது டெலிபோனுக்கு ரிசீவரை எடுக்க எனக்குக் கை வரவில்லை.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முதலில் சந்தனத்துக்குத்தான் சண்டைக்கு வந்தாள்.

"தண்ணிய கொறச்சு கெட்டியா அரைன்னு சொன்னது யாரு? நீங்கதானே?"

"இப்ப அதுவா பேச்சு?"

"வேற என்ன பேச்சு? அந்த மனுசன் ஒங்களுக்காகப் பழிய தலையில போட்டுக்கிட்டு ரோட்டுல திரியிறாரு. நீங்க என்னான்னா மாரியம்மா மேல சத்தியம் வேற பண்ணியிருக்கீங்க. எந்திரிச்சுப் போங்க!"

போகிற வழியில் கோயில் வாசலில் ஒரு தேங்காய் உடைத்தேன். தெரியாமல் செய்த பொய்ச் சத்தியம் தாயே, பொறுத்துக்கொள், இப்போது சொல்லப் போகிறேன் என்று அழுதேன்.

அதிபர் அறையில் மூன்று ஆசிரியர்கள் இருந்தார்கள். அவர்கள் வெளியே போகட்டும் என்று காத்திருந்தால் எனக்குத் தைரியம் போய்விடும். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். பாஸ் பிழை செய்யவில்லை, பொட்டு வைத்தவன் நான், துடைத்தவனும் நான்.

அதிபர் பேனையை மூடி வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"எவ்விடத்தில பொட்டு வைச்சனீங்கள்?"

"பட்டன்ல சேர்."

"பட்டனிலயேவோ?"

"ஆமாங்க சேர். நெத்தி மாதிரி இருந்துச்சு."

அதிபர் எழும்பி, ஆணியில் தொங்கிய திறப்பை எடுத்துக்கொண்டு, வாருங்கள் என்று கையைக் காட்டினார். கம்பியூட்டர் அறையைத் திறந்தார். பத்து பெட்டிகள் வரிசையாக இருந்தன. பத்தின் நெற்றியிலும் சந்தனம், நடுவில் குங்குமம். நான் வைத்ததைவிட வடிவாக, அச்சில் வார்த்த மாதிரி வட்டம்.

"வாணி விழாவுக்கு வைச்சது. ஏழு எழும்புதில்லை" என்றார். "உவர் கையே வைக்காத மெஷின்கள். ஆரைப் போய்க் கேக்கிறது?"

அன்று பின்னேரம் வில்கமுவையில் இருந்து திரும்பின கையோடு பாஸ் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அதிபர், மூன்று ஆசிரியர்கள், நான், எல்லாரும் நிற்கிறோம். பாஸ் கதிரையில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, அதிபரை நிமிர்ந்து பார்த்தார். அதிபரை வெளியே கூப்பிடுவாரா, இங்கேயே கேட்பாரா?

"சேர், கடைசியா என்ன செஞ்சீங்க?"

"பொட்டு வைச்சனான்" என்றார் அதிபர். "பத்துக்கும். பட்டனுக்கு மேலே. என்ர கையாலே."

பாஸ் திகைத்துப் போனார். ரேடியோ காலத்தில் இருந்து இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டு வருகிறார். கேட்ட வாயை மூடுமுன் யாரும் பதில் சொன்னதில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். இதில் ஏதோ சூது இருக்கிறது என்பது போல என்னைப் பார்த்தார்.

"சரி... வேற?"

"வேற ஒண்டும் இல்லை."

"வேற, சேர்?"

அதிபர் தொண்டையைச் செருமினார். "கற்பூரத் தட்டை ஒருக்கால் மூண்டாவது பெட்டிக்கு மேல வைச்சனான்."

"வேற?"

"போன மாதம்... ஒரு மௌசை வீட்டை கொண்டுபோனனான். மகள் கேட்டவள்."

ஆசிரியர்கள் மூவரும் கூரையைப் பார்த்தார்கள். பாஸ் அவர்கள் பக்கம் தலையைத் திருப்பினார். அவர் கேட்கக்கூட இல்லை. விஞ்ஞான டீச்சர் தானாகவே சொல்லிவிட்டார்: "நான் கால்ல போட்டு மழைக்கு நனைஞ்ச சப்பாத்த மெஷினுக்குப் பின்னால வச்சுக் காயப் போட்டேன். சூடாக் காத்து வந்துச்சு."

பாஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ஒன்றுக்கும் முகம் மாறவில்லை. பிறகு டூத் பிரஷ்ஷை வெளியே எடுத்தார். அதிபர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானும் ஒரு பெட்டிக்கு முன்னால் குந்தினார். இருட்டுமுன் ஏழும் எழும்பிவிட்டன. புதிய சிஸ்டம் போட மேலும் நாலு நாள் போனது. மௌஸ் பத்திரிகைத் தாளில் சுற்றி அதிபர் மேசைக்குத் திரும்பி வந்ததாகப் பியோன் சொன்னான்.

சண்டை முடிந்த பிறகு பாஸ் மகளோடு இருக்க நீர்கொழும்புப் பக்கம் போய்விட்டார். அதுவரை அந்த அறைத் திறப்பு அவரிடம்தான் இருந்தது. அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை ஒரு திருவிழாப் பத்திரிகை கொடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். அவர் நடந்தே பள்ளிக்கூடம் போயிருந்தார். முற்றத்து வெயிலில் மோட்டார் சைக்கிள் நின்றது. அந்த அக்கா அதன் மேல் பழைய சேலை ஒன்றை விரித்து, ஹாண்டிலில் இருந்து பின் சீட் வரைக்கும் மிளகாய் காயப் போட்டிருந்தார்.